தரிசுக்குள் கிடந்த வேலை: ஜஹீராபாத் பெண்கள் சங்கங்களின் தானிய நிதி

எதைப் பற்றிய ஆய்வு

ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத் வரும். அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் பீதர். ஒரு காலத்தில் இது ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டம். 2014இல் தெலங்கானா பிரிந்து, 2016இல் மாவட்டங்களும் பிரிக்கப்பட்ட பிறகு சங்காரெட்டி மாவட்டத்தில் சேர்ந்தது. இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 75 ஊர்களில் ஏழைப் பெண்களின் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். சங்கங்களுக்குப் பின்னணியில் நிற்பது 1983இல் தொடங்கிய டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பு.

நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுப்பது, விதையைக் கூட்டாகக் காப்பது, தானியத்தைக் கூட்டாகச் சேர்த்து ஊருக்குள் குறைந்த விலைக்குக் கொடுப்பது ஆகியவை இந்தச் சங்கங்களின் வேலை. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு என்பதைவிட இந்த வேலையை வைத்தே இதை வேளாண் கூட்டுறவு என்று இங்கே எடுத்துக்கொள்கிறேன். நாற்பது ஆண்டு வரலாறு முழுவதையும் ஒரே கட்டுரையில் சொல்ல முடியாது. அதனால் 1990களின் நடுவில் தொடங்கிய சமூகத் தானிய நிதியில்தான், அதாவது தரிசை உழக் கொடுத்த கடனைத் தானியமாகத் திரும்ப வாங்கிச் சேர்த்த நிதியில்தான், அதிக நேரம் நிற்கப் போகிறேன். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை அதை விளக்கும் அளவுக்கு மட்டும் வரும். ஊர்ப் பெண்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை.

பின்னணி: பட்டா இருந்தது, பயிர் இல்லை

ஆந்திர நில உச்சவரம்புச் சட்டம் 1973இல் வந்தது. அந்தப் பத்தாண்டில் இங்கிருந்த தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓரிரு ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. கையில் கிடைத்ததோ யாரும் கேட்காத நிலம். செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்து, மேல்மண் மழையில் அரித்துப்போய், ஊருக்கு வெகு தொலைவில் கிடந்தது. உழ மாடு கிடையாது. மாடு இல்லாத வீட்டில் எரு ஏது? பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. காகிதத்தில் நில உடைமையாளராக இருந்த பெண், காலையில் பட்டேலின், அதாவது ஊர்ப் பெரிய நிலக்காரரின், வயலுக்குக் களை எடுக்கப் போனார். ஆண்களில் பலர் வாங்கிய கடனுக்காக ஆண்டுக் கணக்கில் பண்ணையாளாக, அவர்கள் பேச்சில் ஜீதமாக, கட்டுண்டு கிடந்தார்கள்.

1983இல் மாநிலத்தில் இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் வந்தது. அது பல லட்சம் வீடுகளில் பசியை ஆற்றியது. அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் ஜஹீராபாத் போன்ற மானாவாரிப் பகுதியில் அதற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. இங்கே விளைவதும் உண்பதும் சோளம். கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கிடைக்கும்போது, கல் பொறுக்கி, உழுது, எரு போட்டுச் சோளம் விதைக்க யார் மெனக்கெடுவார்? வங்கியும் கலப்புப் பயிருக்குக் கடன் தரத் தயாராக இல்லை. கொஞ்சமாவது பயிரான நிலமும் ஆண்டுக்கு ஆண்டு தரிசாகிக்கொண்டே போனது. ரேஷன் அரிசியும் மாதம் முழுக்கப் போதவில்லை. நிலத்தில் வேலை இல்லாததால் கூலியும் குறைந்தது. கூலி குறைந்ததால் கடை அரிசி வாங்கவும் பணமில்லை.

தானிய நிதிக்குக் காரணமான கவனிப்பு இதுதான். ஒரே ஊரில் ஒரு பக்கம் வேலையில்லாத பெண்கள், மறுபக்கம் உழப்படாத நிலம். அதிலும் ஒரு பகுதி அவர்களுடைய சாதிசனத்தின் நிலம்.

முதல் பத்தாண்டு

டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியைத் தொடங்கியவர்கள் வெளியிலிருந்து வந்த படித்தவர்கள். அவர்களில் முக்கியமானவரான பி. வி. சதீஷ் தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர். ஆரம்பத்தில் ஆண்களின் குழுக்களோடுதான் வேலை நடந்தது. அது தளர்ந்து போகவே, 1980களின் நடுவில் பெண்கள் சங்கங்கள் பக்கம் கவனம் திரும்பியது. காரணம் எளிது. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பொறுப்பு யாருக்கோ அவர்கள்தான் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தார்கள்.

அந்தக் காலத்தின் இரண்டு முடிவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, கோடை வேலை. மாசிக்குப் பிறகு மானாவாரிக் காட்டில் வேலை இருக்காது. அரசின் நிவாரண வேலை என்றால் சாலைக்கு ஜல்லி உடைப்பது. கூலி கிடைக்கும். ஆனால் உடைத்த ஜல்லியால் உடைத்தவளுக்கு வேறு பயன் இல்லை. சங்கங்கள் இதைத் திருப்பிப் போட்டன. கூலி அதேதான், வேலை மட்டும் உறுப்பினரின் சொந்த நிலத்தில். என்ன வேலை என்பதை அந்த நிலத்துக்காரியே சொல்வார். ஒருவர் கல் பொறுக்க வேண்டும் என்பார், இன்னொருவர் வரப்பு போட வேண்டும் என்பார், சரிவான நிலம் உள்ளவர் குறுக்கே பள்ளம் வெட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பார். குழுவாகப் போய் ஒவ்வொரு நிலமாக முடிப்பார்கள். கூலி அன்றைக்கு வீட்டுக்குப் போனது, மேம்பட்ட மண் அங்கேயே தங்கியது. ஊரக வேலைத் திட்டங்கள் பற்றிப் பேசும்போது நாம் வேலை நாள்களை எண்ணுகிறோம். அந்த வேலை யாருடைய நிலத்தில் தங்குகிறது என்று அவ்வளவாகக் கேட்பதில்லை.

இரண்டு, கூட்டுக் குத்தகை. நிலமே இல்லாத பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, நிலக்காரர்கள் தரிசாகப் போட்டு வைத்திருந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். உழைப்பும் பங்கு, விளைச்சலும் பங்கு. தாழ்த்தப்பட்டோர் நிதிக் கழகத்தின் நிலம் வாங்கும் திட்டத்தைப் பயன்படுத்திச் சிலர் தங்கள் பெயரிலேயே நிலம் வாங்கவும் செய்தார்கள். குத்தகையில் உள்ள சங்கடம் எங்கும் உள்ளதுதான். கட்டாந்தரையை எரு போட்டுத் தேற்றிக் கொடுத்ததும் நிலக்காரர் திரும்பக் கேட்பார். அதனால்தான் குத்தகையோடு நிற்காமல் சொந்தப் பட்டா பக்கம் போக வேண்டியிருந்தது.

நிரந்தர வேளாண்மை (பெர்மாகல்ச்சர்) என்ற முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் மாலிசன் 1987இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தார். ஜஹீராபாத் அருகே பஸ்தாபூரில் ஒரு மாதிரிப் பண்ணையும் உருவானது. வெளிநாட்டு நிபுணர் வந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அது துணைக் கதை. ஒரே ஏக்கரில் சோளத்தோடு துவரை, தினை, சாமை, பாசிப்பயறு, உளுந்து, எள், காராமணி, புளிச்சக்கீரை என்று பத்துப் பன்னிரண்டு பயிரைக் கலந்து விதைப்பது இந்தப் பெண்களின் பாட்டிமாருக்கே தெரியும். மழை முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஏதாவது ஒன்று நிற்கும். தட்டை மாட்டுக்கு, துவரை மிளார் அடுப்புக்கு. நிபுணரின் வருகை அந்தப் பழைய அறிவுக்குக் கூட்டத்தில் மதிப்பு கிடைக்க உதவியது, அவ்வளவுதான்.

முடிவு: தரிசுக்குக் கடன், தானியமாகத் திருப்பம்

1990களின் நடுவில் சங்கங்கள் ஒரு திட்டத்தை வகுத்தன. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதற்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. ரேஷனுக்கு மாற்றான ஒரு ரேஷனை ஊரிலேயே விளைவித்து, ஊரிலேயே சேமித்து, ஊரிலேயே கொடுப்பது என்பதுதான் திட்டம். அது நடந்த விதம்:

தரிசாகவோ அரைத் தரிசாகவோ நிலம் வைத்திருப்பவர் இரண்டு ஏக்கர் வரை இதில் சேர்க்கலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் கிடைக்கும், ஆனால் மொத்தமாகக் கைக்கு வராது. உழவுக்கு ஒரு தவணை, எருவுக்கு ஒரு தவணை, விதைப்புக்கும் களைக்கும் அடுத்தடுத்து என்று வேலை முடிய முடிய வரும். வேலை நடந்ததா என்று பார்ப்பது ஊர்ப் பெண்கள் குழு. ஊருக்கு ஐந்து பெண்கள், ஆளுக்கு 20 ஏக்கர் பொறுப்பு. ஆக ஊருக்கு 100 ஏக்கர். கடனைப் பணமாகத் திருப்ப வேண்டாம், ஐந்து ஆண்டுகளில் சோளமாகக் கொடுத்தால் போதும். அந்தச் சோளம்தான் ஊரின் தானிய நிதி.

ஒவ்வொரு விதிக்கும் காரணம் இருந்தது. மானியமாகக் கொடுத்திருந்தால் நிலம் உழப்பட்டிருக்கும், ஆனால் ஊரில் தானியம் தங்கியிருக்காது. பணமாகத் திருப்பச் சொல்லியிருந்தால், அறுவடை நேரத்தில் விலை விழும்போது விவசாயி அடிமாட்டு விலைக்குச் சோளத்தை வியாபாரியிடம் தள்ளிவிட்டுத்தான் கடனை அடைத்திருப்பார். தானியமாகத் திரும்பும்போது விலை விழுந்தால் அந்த அடி கடன் வாங்கியவர் தலையில் விழவில்லை. ஒரே ஒரு பெண்ணிடம் 100 ஏக்கரை விட்டிருந்தால் அவரால் சுற்றிப் பார்க்கவும் முடியாது, வேண்டப்பட்டவர் என்ற பேச்சையும் தாங்க முடியாது. இருபது ஏக்கர் என்பது நடந்து பார்த்துவிடக்கூடிய அளவு.

பலரும் கவனிக்காமல் போகும் இன்னொன்று உண்டு. தரிசு நிலக்காரர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆண் விவசாயிகளும் தலித் அல்லாத சிறு விவசாயிகளும் சேர்ந்தார்கள். விளைவாக, அதுவரை அவர்களிடம் கூலிக்குப் போன பெண், அவர்களுடைய நிலத்தின் வரப்பில் நின்று, எரு போதவில்லை, இது போட்டால்தான் அடுத்த தவணை என்று சொல்லும் நிலை வந்தது. இந்த அதிகாரம் யாரும் மேடையில் அறிவித்துக் கொடுத்ததில்லை. தவணைப் பணம் எந்தக் கை வழியாகப் போகிறது என்ற ஏற்பாட்டிலிருந்து தானாக வந்தது.

யார் ஏழை என்பதை யார் சொல்வது

சேர்ந்த சோளம் யாருக்குப் போக வேண்டும்? அரசு ரேஷனில் இதற்கு விடை அலுவலகத்திலிருந்து வரும். இங்கே ஊர்க்கூட்டத்தில் வந்தது. எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஊர்ப் பொது இடத்தில் தரையில் கோலப்பொடியும் வண்ணப்பொடியும் கொண்டு ஊரின் வரைபடத்தைப் போடுவார்கள். தெரு, கோவில், கிணறு, ஒவ்வொரு வீடும். வரைவது பெண்கள். சுற்றி ஊர் நிற்கும். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தரம் போடுவார்கள், ஐந்து தரம். ஓரளவு வசதி ஒரு முனை, ஒன்றுமே இல்லாத வீடு மறுமுனை. அளவுகோல்களும் அவர்கள் வகுத்தவையே. நிலம் எவ்வளவு, வீட்டில் உழைக்கும் கை எத்தனை, உண்ணும் வாய் எத்தனை, மாடு உண்டா, குழந்தை பள்ளிக்குப் போகிறதா பண்ணைக்குப் போகிறதா என்பன போன்றவை. கணவன் இல்லாதவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், உடம்புக்கு முடியாதவர் எல்லாம் தனியாகப் பேசப்படுவார்கள். தன் வீட்டை ஒரு படி கீழே தள்ளிக் காட்ட யாராவது முயன்றால் பக்கத்து வீட்டுக்காரியே திருத்திவிடுவார். எத்தனை சான்றிதழ் இணைத்தாலும் ஓர் அலுவலகத்தால் இந்தச் சரிபார்ப்பைச் செய்ய முடியாது.

தரத்தை வைத்துத் தானிய அட்டை கொடுத்தார்கள். மிக ஏழை வீட்டுக்கு அதிகச் சோளம், அடுத்த தரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று படிப்படியாக அளவு மாறும். எல்லோருக்கும் ஒரே அளவு என்ற ரேஷன் நியாயம் இங்கே செல்லாது. கொடுக்கும் காலமும் யோசித்து வைத்தது. மழைக்காலத்தில் வீட்டுக் கையிருப்பு தீர்ந்து, புதுச் சோளம் வர இன்னும் மாதங்கள் இருக்கும்போது, வெளிச்சந்தை விலையைவிடக் குறைவாக விற்பார்கள். இலவசம் இல்லை. விற்ற பணம் நிதிக்கே திரும்பும்.

சேமிப்புக்குக் கிடங்கு கட்டவில்லை. ஊரிலேயே வழக்கமான முறையில், சாணமும் மண்ணும் பூசிய குதிர்களில் வேப்பிலையும் சாம்பலும் இட்டு வைத்தார்கள். பூச்சிமருந்துச் செலவு இல்லை, லாரி வாடகை இல்லை, கிடங்கு எலிக்குத் தனிக் கணக்கும் இல்லை.

பின்விளைவு: முதல் பருவம்

முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் 2,600 ஏக்கருக்கு மேல் உழவுக்கு வந்தது. முதல் ஆண்டில் கூடுதலாகச் சுமார் 8 லட்சம் கிலோ சோளம் விளைந்ததாகச் சங்கங்களின் கணக்கு சொல்கிறது. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 300 கிலோ. பாசன நிலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விளைச்சல் இல்லை. ஆனால் இது பாசன நிலமும் இல்லை. முந்தைய ஆண்டு வரை வெறும் புல் முளைத்துக் கிடந்த மண். இதோடு கலப்பில் வந்த துவரையும் பயறும் இந்தக் கணக்கில் சேரவில்லை. சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனமானது. தீவனம் வந்ததால் மாடு வைத்திருக்க முடிந்தது, மாடு வந்ததால் எரு வந்தது.

வேலை பற்றிய கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். தரிசு நிலத்துக்குக் கல் பொறுக்க, எரு சுமக்க, விதைக்க, இரண்டு முறை களை எடுக்க, அறுக்க, அடிக்க என்று ஒவ்வொரு ஏக்கரும் ஆள் கேட்கும். அதில் பெரும்பகுதி பெண் ஆள். அந்த வேலை ஊருக்குள்ளேயே, நடந்து போகும் தூரத்திலேயே கிடைத்தது. கரும்பு வெட்டவும் நகரத்தில் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியிருந்த கட்டாயம் அந்த அளவுக்குக் குறைந்தது. பட்டேலின் வயலுக்குக் கூலி பேசும்போதும் வேறு வேலை கையில் இருப்பவரின் குரல் வேறாகத்தான் இருக்கும்.

இந்தத் திட்டத்தின் பெரிய கண்டுபிடிப்பு தொழில்நுட்பத்தில் இல்லை என்பது என் கருத்து. வேலை ஏற்கெனவே அந்தத் தரிசு நிலத்துக்குள் கிடந்தது. அதை எடுக்கத் தடையாக இருந்தவை இரண்டே. முதல் இரண்டு மூன்று பருவத்துக்கான கைச்செலவு, அந்தச் செலவை யார் எப்படிக் கண்காணிப்பது என்ற கேள்வி. முதலாவதை அமைச்சகம் தந்தது. இரண்டாவதற்கு ஊருக்கு ஐந்து பெண்கள்.

பயிற்சி: வயலிலிருந்து ஒலிபெருக்கி வரை

பயிற்சி என்றால் வகுப்பறை, கரும்பலகை, சான்றிதழ் என்று நாம் பழகிவிட்டோம். இங்கே முதல் பயிற்சி 20 ஏக்கரைச் சுற்றிப் பார்த்து, வேலையை மதிப்பிட்டு, தவணையை முடிவு செய்து, கணக்கை நினைவில் வைத்து ஊர்க்கூட்டத்தில் ஒப்பிப்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாதது இதற்குத் தடையாக இல்லை. அடுத்து விதை. ஊர் ஊராக விதை வங்கிகள் வந்தன. பணம் வாங்குவதில்லை. எடுத்த விதையை அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்ப வேண்டும். விதை பார்த்து எடுக்கத் தெரிந்த மூத்த பெண்களே அங்கே ஆசிரியர்கள். ஆண்டுதோறும் தை மாதத்தில் மாட்டுவண்டிகளில் விதைகளை அலங்கரித்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் விழாவும் நடக்கிறது. பார்க்கத் திருவிழாதான். நடப்பது விதைப் பரிமாற்றமும் அடுத்த பருவத்துக்கான ஆலோசனையும்.

பிள்ளைகளுக்காக மாச்னூர் என்ற ஊரில் பச்ச சாலே என்ற பள்ளி 1993இல் தொடங்கியது. பாடத்தோடு விவசாயம், தையல், தச்சு, மண்பாண்டம் போன்ற கைவேலையும் கற்றுக் கொடுத்தார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் வரும் வேளாண் அறிவியல் மையம் ஒன்றையும் இந்த அமைப்பு நடத்துகிறது. அரசு விஞ்ஞானிகளின் பரிந்துரையும் பெண்களின் அனுபவமும் ஒரே வளாகத்தில் மோதிக்கொள்ள அது இடம் கொடுத்தது.

பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பெண்கள் வீடியோ கேமரா கற்றதைப் பற்றி ஒரு சிறு விவரம் சொல்லலாம். கோணங்களின் ஆங்கிலப் பெயர் அவர்களுக்கு ஒட்டவில்லை. மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தில் எதிரில் இருப்பவர் குறுகித் தெரிவார். அது பட்டேல் ஷாட். கீழிருந்து மேலே அண்ணாந்து பார்ப்பது அடிமை ஷாட். கண்ணுக்குக் கண் நேராக வைத்தால் அது சங்கம் ஷாட். பிறகு எந்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெண்கள் எடுத்த படங்களில் வாரங்கல் பகுதியில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி பயிரிட்ட விவசாயிகளைப் பருவம் முழுக்கப் பின்தொடர்ந்து எடுத்ததும் ஒன்று.

வானொலிக்கு நீண்ட காத்திருப்பு தேவைப்பட்டது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. யுனெஸ்கோ உதவியோடு மாச்னூரில் நிலையமும் கோபுரமும் 1990களிலேயே தயாராகிவிட்டன. உரிமம்தான் வரவில்லை. பதிவு செய்த கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். தன்னார்வ அமைப்புகளும் சமூக வானொலி நடத்தலாம் என்று 2006இல் கொள்கை மாறியது. 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. நடத்துபவர்கள் சங்கத்தில் பயிற்சி பெற்ற தலித் பெண்கள். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் விதைப்பு, மாட்டு நோய், மூலிகை, பாட்டு, ஊர்ப் பேச்சு.

நீண்ட கால விளைவும் கசப்பும்

சிறுதானியத்தைப் பொது விநியோகத்தில் சேர்க்க வேண்டும் என்று இங்கிருந்து எழுந்த கோரிக்கை வீண்போகவில்லை. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்பதோடு சிறுதானியம் 1 ரூபாய் என்றும் இடம்பெற்றது. இந்த ஒரு வட்டாரத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரிலேயே விளைவித்து ஊருக்கே கொடுத்துக் காட்டிய உதாரணம் விவாதத்தில் பயன்பட்டது. சட்டத்தில் வந்தது கடைக்கு வருவது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 2023இல்தான் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. 2019இல் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டிக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. 2023 உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் சதீஷ் காலமானார்.

ஊருக்குள் நிலைமை அவ்வளவு இனிப்பாக இல்லை. பருத்தியும் கரும்பும் கையில் பணமாக வருகின்றன. சோளம் வயிற்றுக்கு வருகிறது. பிள்ளைகளைப் படிக்க வைக்க, மருத்துவம் பார்க்க, கல்யாணம் செய்யப் பணம்தான் வேண்டும். அரிசி இன்று ரேஷனில் இலவசம், வீட்டுப் பிள்ளைகளின் நாக்கும் அதற்கே பழகிவிட்டது. சிறுதானியத்தின் உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. அதற்கான சிறு இயந்திரம் ஊருக்குள் வராதவரை தினையும் சாமையும் ஏக்கரில் குறைந்துகொண்டுதான் போகும். ஜஹீராபாத்தில் சங்கத்தின் சிறுதானிய உணவகமும் விற்பனையும் நகரத்துக்காரரைத் தொட்டன, ஊர்ச் சந்தையை அந்த அளவுக்கு மாற்றவில்லை.

நிலத்தின் மீதே விழுந்த அடி தொழில் மண்டலம். ஜஹீராபாத் தேசிய முதலீட்டு, உற்பத்தி மண்டலத்துக்காக நியால்கல், ஜராசங்கம் வட்டங்களில் 12,000 ஏக்கருக்கு மேல் திட்டமிடப்பட்டது. மாச்னூர் இருப்பதும் ஜராசங்கம் வட்டத்தில்தான். ஒதுக்கீட்டு நிலம் வைத்திருப்பவருக்குப் பேரம் பேசும் பலம் எப்போதுமே குறைவு. இருபது ஆண்டு எரு போட்டுத் தேற்றிய மண்ணுக்கும் பதிவேட்டில் பழைய தரிசு என்ற பெயர்தான் இருக்கும்.

அக்கம்பக்கத்து ஒப்பீடு

பெண்களின் கூட்டு வேளாண்மை ஜஹீராபாத்தோடு நிற்கவில்லை. 2001 முதல் அன்றைய ஆந்திரத்தில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடும், 2000களில் கேரளத்தில் அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயின் கீழும் பல குழுக்கள் வந்தன. பொருளாதார அறிஞர் பினா அகர்வால் இவற்றைத் தனி விவசாயிகளோடு ஒப்பிட்டார். கேரளத்தில் கூட்டுப் பண்ணைகளின் ஹெக்டேர் விளைச்சல் மதிப்பு தனிப் பண்ணைகளைப்போல் சுமார் 1.8 மடங்கு இருந்தது. தெலங்கானாக் குழுக்கள் விளைச்சலில் பின்தங்கின. ஆனால் கூலி ஆள் வைக்காததால் செலவு குறைந்து, நிகர வருமானத்தில் தனி விவசாயிகளோடு சமமாக நின்றன.

வேறுபாட்டுக்குக் காரணம் பெண்களின் திறமை இல்லை. கேரளக் குழுக்கள் வாழையும் காய்கறியும் போட்டன, வங்கிக் கடனும் உள்ளாட்சியின் ஆதரவும் தொடர்ந்து கிடைத்தன, பல சாதிப் பெண்கள் கலந்த குழுக்களுக்கு நல்ல நிலமும் கிடைத்தது. தெலங்கானாவின் ஏழைப் பெண்களுக்குக் கிடைத்தது மானாவாரியும் மோசமான குத்தகை நிலமும். விளைச்சலை மட்டும் பார்த்து ஜஹீராபாத்தைத் தோல்வி என்பவர்களும் எரு போட்ட மண்ணைப் பார்த்து வெற்றி என்பவர்களும் வெவ்வேறு அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது அளவுகோல் பிடிக்கும், ஆனால் பள்ளிக் கட்டணத்தை அதைக் கொண்டு கட்ட முடியாது.

திரும்பச் செய்தால் எதை மாற்றுவது

இதே மாதிரித் தானிய நிதியை வேறு மானாவாரி வட்டாரத்தில் தொடங்க நினைப்பவர்கள், ஐந்து பேர் குழு, 20 ஏக்கர் பொறுப்பு, தவணைக் கடன், தரையில் போடும் வரைபடம் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எழுத்தறிவில்லாதவர்கள் நடத்த முடியாது என்று எந்த அதிகாரி சொன்னாலும் காட்ட ஜஹீராபாத் இருக்கிறது.

மாற்ற வேண்டியவற்றில் முதலாவது மழை பொய்க்கும் ஆண்டு. கடன் தானியமாகத் திரும்ப வேண்டும் என்றால், வறட்சி ஆண்டில் கடன் வாங்கியவரும் நிதியும் ஒன்றாகக் காலியாவார்கள். ஏழை வீட்டுக்குச் சோளம் மிகத் தேவைப்படும் ஆண்டும் அதுதான். பக்கத்து ஊர்களின் நிதிகளை இணைத்து ஓரளவு கையிருப்பைக் கைவைக்காமல் வைத்திருக்கவும், வறட்சி அறிவித்தால் அந்த ஆண்டுத் தவணை தானாகத் தள்ளிப்போகவும் முதல் நாளே விதி எழுத வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், குழுவிலுள்ள ஐந்து பெண்கள் சொந்தக்காரர்களிடமே கடன் கேட்டு நிற்கும் தர்மசங்கடம் வரும்.

சோளத்தை மட்டும் நிதியின் அச்சாக வைத்ததையும் மாற்றலாம். கலப்பில் வரும் துவரைக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. கடனில் ஒரு பகுதியைத் துவரையாக வாங்கி, உடைத்து, பருப்பாக விற்றால் குழுவிடம் பணமும் சேரும். அந்தப் பணத்தில் உமி நீக்கும் இயந்திரம் வாங்கலாம். ஊரிலேயே இரண்டு இளம்பெண்களுக்கு அதை ஓட்டும் வேலையும் கிடைக்கும். மூத்த பெண்கள் விதையோடும் இளையவர்கள் கேமராவோடும் தனித்தனியாக நிற்கும் சங்கத்தில், நடுவயதுப் பெண்ணுக்கு வருமானம் தரும் வேலைதான் குறைவாக இருந்தது.

நிலப் பதிவேட்டைத் திட்டத்தோடு சேர்த்தே திருத்த வேண்டும். தரிசை உழவுக்குக் கொண்டுவந்த ஆண்டே வருவாய்த் துறையிடம் ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிரை ஏற்றச் சொல்லி மனுப் போடுவதையும், பட்டாவில் பெண்ணின் பெயர் சேர்ப்பதையும் கடன் நிபந்தனைகளில் ஒன்றாக்கலாம். எரு போட்டதற்குத் தவணை கொடுக்கும் குழு, அடங்கல் நகலைப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுக்கட்டும். நிலம் எடுக்க அரசு வரும்போது பதிவேட்டில் அந்த ஏக்கர் தரிசாக இருந்தால் இழப்பீடும் தரிசின் விலைக்குத்தான் பேசப்படும்.